இடது பக்கம் இழுத்த கார்

எங்கள் கார் இடது பக்கம் இழுக்கிறது என்று நான் சொன்னபோது என் கணவர் சிரித்தார். அவர் மஸ்கட்டில் ட்ரெய்லர் ஓட்டுகிறார். ஊரில் யார் எந்த வண்டியைப் பற்றிப் பேசினாலும் "நான் அங்க ஓட்டுறது" என்று ஆரம்பித்து, அதற்கு எத்தனை சக்கரம் என்பதில் கொண்டுவந்து முடிப்பார். அவருக்கு நான்கு சக்கரம் என்றால் பொம்மை. அந்தப் பொம்மையை ஓட்டுகிறவள் நான்.

ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில்தான் எங்கள் ஊர். வருஷத்துக்கு ஒருமுறை அவர் விடுப்பில் வருவார். மற்ற நாளெல்லாம் வயல், வாய்க்கால் தண்ணீர், நடவுக்கு ஆள், உரம், கொள்முதல் நிலையத்தில் மூட்டையோடு காத்துக் கிடப்பது, மாமியாரைத் தஞ்சாவூர் கண் டாக்டரிடம் அழைத்துப் போவது எல்லாம் என் தலையில்தான். முதலில் பஸ்ஸை நம்பி இருந்தேன். எங்கள் ஊர் பஸ்ஸை நம்பியவளுக்குக் கண் டாக்டர் வேறு நாள்தான் கிடைப்பார். அதனால் நாற்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பழைய கார் ஒன்றை வாங்கினோம். அதன் டிக்கியில் யூரியா போயிருக்கிறது, வாழைத்தார் போயிருக்கிறது, ஒருமுறை ஆட்டுக்குட்டியும் போயிருக்கிறது. அந்தக் கார் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

இந்தத் தடவை அவர் தை மாதம் வந்தார். சம்பா அறுவடை நேரம். நானே காரை எடுத்துக்கொண்டு திருச்சி விமான நிலையத்துக்குப் போனேன். பெட்டிகளை ஏற்றிவிட்டு, ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, நீயே ஓட்டு என்று பெருந்தன்மையாகச் சொல்லி இடது பக்க சீட்டில் உட்கார்ந்தார். செங்கிப்பட்டி வருவதற்குள் அவருடைய கால் கீழே இருந்த மிதியடியை மிதி மிதியென்று மிதித்துக்கொண்டிருந்தது. அங்கே பிரேக் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். ஏன் ஓரமாகவே போகிறாய் என்றார். வண்டி இழுக்கிறது, நான் போகவில்லை என்றேன். அப்போதுதான் அந்தச் சிரிப்பு வந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி வேறு. எனக்கு அங்கேயே இறக்கிவிட்டுவிடலாமா என்று இருந்தது. பெட்டியில் என்ன வாங்கி வந்திருக்கிறார் என்று தெரியாததால் பொறுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில், ஓட்டுவது எப்படி என்று எனக்குக் காட்ட, காரை எடுத்துக்கொண்டு தனியாக வயல் வரை போனார். திரும்பி வந்தபோது இடது பக்கக் கண்ணாடி மடங்கியிருந்தது, அதில் ஒரு கருவேலங்கிளை தொங்கிக்கொண்டிருந்தது. நான் கிளையை மட்டும் பார்த்தேன். வண்டி இழுக்கிறதுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கும் காரணம் நான்தானாம். மாடு ஓட்டுகிறவன் கைக்குப் பழகுகிற மாதிரி வண்டியும் பழகும், நீ ஓரமாகவே ஓட்டி ஓட்டி அதைக் கெடுத்து வைத்திருக்கிறாய் என்றார். இரும்புக்கு ஏது பழக்கம் என்று கேட்டேன். நீ ட்ரெய்லர் ஓட்டியிருக்கிறாயா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் யாரிடமும் பதில் கிடையாது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ராத்திரி சாப்பாட்டில், தட்டைப் பார்த்தபடி தீர்ப்பைச் சொன்னார்.

"நான் திரும்பப் போறதுக்குள்ள இந்த வண்டிய வித்துடலாம். கால்வாய்க் கரையில ஓட்டிட்டுப் போறே. அம்மாவும் கூட இருக்காங்க. ஒரு நாள் உள்ள விட்டுட்டீன்னா, நான் அங்கேருந்து என்ன பண்ண முடியும்?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், வாயில் வைக்க முடியவில்லை. அவர் அக்கறையில்தான் சொன்னார், அது புரிந்தது. ஆனால் மறுபடியும் அந்த பஸ் நிறுத்தம், மறுபடியும் யூரியாவுக்கு யாராவது ஒரு பையனின் டூவீலரைக் கெஞ்சுவது என்று ஆகிவிடும். குற்றம் என் கையில் இல்லை, காரில்தான் இருக்கிறது என்று நான் நிரூபித்தாக வேண்டும். இல்லாவிட்டால் கார் போய்விடும்.

மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, கண் பட்டிருக்கிறது என்றார். எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்து ஏற்றினோம். அதிலும் இடது பக்கம் இருந்த பழத்தை நன்றாகவும், வலது பக்கம் இருந்ததை அரைகுறையாகவும்தான் கார் நசுக்கியது. மாமியார் மாட்டுவண்டி இருந்த வீட்டில் பிறந்தவர். அவர் கேட்டது ஒரே கேள்வி, பாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று. வண்டியில் பாரம் ஒரு பக்கம் கூடினால் அந்தப் பக்கம்தான் இழுக்கும், அதைச் சரிபார்க்காமல் எந்தச் சம்சாரியும் வண்டி பூட்ட மாட்டான் என்றார். எப்போதும் காரில் இடது பக்கம் உட்காருகிறவர் அவர்தான் என்பதை நானும் என் கணவரும் ஒரே சமயத்தில் உணர்ந்தோம். மாமியாரும் அதைப் புரிந்துகொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

மாமியாரை எடை போட முடியாது. அதனால் அவர் இடது பக்கமே இருக்கட்டும், வலது பக்கம் சமமாகப் பாரம் வைப்போம் என்று என் கணவர் முடிவு செய்தார். ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பொன்னி அரிசி மூட்டையை நிறுத்தி சீட் பெல்ட் போட்டார். கார் இடது பக்கம் இழுத்தது. இன்னொரு மூட்டையை ஏற்றினார். அப்போதும் இழுத்தது, கொஞ்சம் மெதுவாக இழுப்பதாக அவர் மட்டும் சொன்னார். அம்மாவையும் வலது பக்கம் வந்து உட்காரச் சொல்லலாமா என்றார். மூட்டைக்கு மேலேயா என்று கேட்டேன்.

அந்த வாரம் நன்னிலத்தில் என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். அண்ணன் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும்போதே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நாள் குறித்திருந்தார்கள். குத்துவிளக்கு, குடம், பட்டு, பழத்தட்டு எல்லாம் முறையாக எடுத்துக்கொண்டோம். அரிசி மூட்டைகளும் பின் சீட்டில் பெல்ட் போட்டபடி எங்களோடு வந்தன. இறக்கி வைத்துவிட்டுப் போகலாம் என்றேன். நீளமான ரோடு, அங்கேதான் சோதனை சரியாக வரும் என்றார் அவர்.

நன்னிலத்தில் வாசலில் காரை நிறுத்தியதும் நாத்தனார் வீட்டு ஆட்கள் வரவேற்க வந்தார்கள். கதவைத் திறந்தார்கள், தட்டுகளை வாங்கினார்கள். அப்புறம் இரண்டு பேர் பின் பக்கம் போய்ப் பெல்ட்டைக் கழற்றி, மூட்டைகளை அலேக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு புது வீட்டுக்குள் போய்விட்டார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். என்ன சொல்வது? அது சீர் இல்லை, எங்கள் காருக்கு வைத்தியம் என்றா சொல்வது? பிறந்த வீட்டுக் காரிலிருந்து அரிசி மூட்டை இறங்கினால் அது சீர்தான். எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு பொருள் கிடையாது. நாத்தனார் ஓடி வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எங்கண்ணன் பழைய முறையை மறக்கவில்லை, அரிசியோடு வந்திருக்கிறார் என்று தன் மாமியார் வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னார். என் கணவரின் முகத்தில் ஒரு தெய்வீகச் சிரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. நான் மாமியாரைப் பார்த்தேன். அவர் புது வீட்டு நிலைக்கதவை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் வீட்டுக்கு அரிசி போகும் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

நாங்கள் வருஷம் முழுக்கச் சாப்பிட வைத்திருந்த அரிசி அது. திரும்பி வரும்போது பின் சீட்டில் மூட்டைகள் இருந்த இடம் காலியாக இருந்தது. கார் போகும்போது எவ்வளவு இழுத்ததோ அவ்வளவுதான் வரும்போதும் இழுத்தது. பாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பது தெரிந்துவிட்டது. வீடு வந்த பிறகு அவர், நாளைக்குத் தஞ்சாவூரில் வீல் அலைன்மென்ட் பார்க்கலாம் என்றார். கோளாறு காரில்தான் என்று நான் அவர் வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் அது அவருடைய யோசனையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்குக் கார் வேண்டும்.

மறுநாள் மாமியாருக்குக் கண் டாக்டரிடம் போக வேண்டிய நாளாகவும் இருந்ததால் அவரையும் அழைத்துக்கொண்டு போனோம். டாக்டர் சொட்டு மருந்தை மாற்றிக் கொடுத்தார். அங்கிருந்து வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனோம். முதலில் டிக்கியைக் காலி செய்யச் சொன்னார்கள். மண்வெட்டி, கயிறு, தார்ப்பாய், பாதி யூரியா மூட்டை, ஒற்றைச் செருப்பு, எப்போதோ காணாமல் போய் நான் மாமியாரைச் சந்தேகப்பட்ட எவர்சில்வர் தூக்கு ஆகியவை வெளியே வந்தன. தூக்கை அவர் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன்.

பார்த்தது நல்லதாகப் போயிற்று. முன்பக்க இடது டயரின் வெளி ஓரம் வழவழவென்று தேய்ந்து கிடந்தது, உள் ஓரத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் புதிது போல இருந்தன. இத்தனை நாள் அது என் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது. எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தபோதாவது பார்த்திருக்கலாம். கார் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான், காரணம் தேடி ஊரைச் சுற்றுவதற்கு முன்னால் குனிந்து டயரைப் பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அது கண் பட்டதால் இல்லை.

கடைக்காரர் முதலில் எல்லா டயரிலும் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு பக்கம் காற்று குறைந்தாலும் வண்டி அந்தப் பக்கம் இழுக்குமாம். காற்று சரியாகத்தான் இருந்தது. பிறகு காரை மேடையில் ஏற்றி, நாலு சக்கரத்திலும் தட்டு மாதிரி எதையோ மாட்டி, டிவி போல இருந்த திரையைப் போட்டார். திரையில் எங்கள் காரின் படம் வந்தது. முன்சக்கரம் இரண்டுக்கும் பக்கத்தில் எண்கள் சிவப்பாக எரிந்தன. அவற்றைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை வெளியில் காட்டிக்கொள்ளாமல் இருக்க மிகவும் கஷ்டப்பட்டேன்.

எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். நாம் நிற்கும்போது கட்டைவிரல் இரண்டும் உள்பக்கம் பார்த்து நிற்கலாம், வாத்து மாதிரி வெளியே பார்த்தும் நிற்கலாம். சக்கரங்களும் அப்படித்தான், முன்பக்கம் உள்ளே மடங்கியோ வெளியே விரிந்தோ நிற்கும். அதுபோக, சக்கரத்தின் தலை உள்ளே சாயலாம், வெளியே சாயலாம். எங்கள் காரில் இடது சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்திருந்தது. தலை எந்தப் பக்கம் வெளியே சாய்கிறதோ அந்தப் பக்கம் கார் இழுக்கும். சக்கரம் சுற்றும்போது ஸ்டீயரிங் கையில் நடுங்கினால் அது வேறு கோளாறு, அதற்கு வீல் பேலன்சிங் என்று வேறு வேலை. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு போய் நிற்கிறவர்கள் நிறையப் பேராம். நான் அப்படி நினைத்துக்கொண்டுதான் போனேன், நல்லவேளை வாயைத் திறக்கவில்லை.

எங்கேயாவது குழியில் விட்டீர்களா என்று கடைக்காரர் கைபேசியைப் பார்த்தபடியே கேட்டார். என் கணவர் என் பக்கம் திரும்பினார். எங்கள் ஊர் ரோட்டில் குழியில் விடாமல் ஓட்ட வேண்டும் என்றால் வண்டியைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்று நான் சொன்னேன். கடைக்காரர் காருக்கடியில் போய் எதையோ முடுக்க முடுக்க, சிவப்பு எண்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. மாமியார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கிரிக்கெட் பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி எண்ணும் பச்சையானதும், எல்லோரும் பாஸா என்று கேட்டார்.

காரில் ஏறும்முன் என் கணவர் இன்னொரு தீர்ப்புச் சொன்னார். இனிமேல் காரின் மேல் பழி போட முடியாது. மெஷினே சரி என்று சொல்லிவிட்டது. இதற்கு அப்புறமும் ஓரமாகப் போனால் அது ஓட்டுகிறவர் குற்றம்தான், பேசாமல் விற்றுவிட வேண்டும். சரி என்றேன். அம்மா சாட்சி என்றார். அம்மா தலையாட்டினார்.

தஞ்சாவூரிலிருந்து நான் ஓட்டினேன். ரோடு காலியாக இருந்த ஓர் இடத்தில் ஸ்டீயரிங்கைச் சற்று லேசாகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். தண்ணீர் வடிய ரோடே ஓரத்துக்குச் சற்றுச் சரிவாகத்தான் போட்டிருப்பார்களாம், அதனால் ஒரு துளி இடது பக்கம் போனது. மற்றபடி நடவுக்குக் கயிறு பிடித்தது போல நேராகப் போனது. அவர் வெளியே பார்த்துக்கொண்டு, ம் என்றார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் எனக்குக் கொடுத்த பெரிய பாராட்டு அதுதான்.

பாதி வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். டீ குடித்துவிட்டு, இனி நான் ஓட்டுகிறேன், எப்படி ஓட்ட வேண்டும் என்று பார் என்று சாவியை வாங்கிக்கொண்டார். நான் இடது சீட்டில் உட்கார்ந்தேன். அறுவடைக் காலம் ஆனதால் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள், ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். கிளம்பிச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும். என் பக்கத்தில் கல் ஒன்று டங்கென்று காரில் பட்டது. அடுத்து நெல் நறநறவென்று டயருக்கடியில் அரைபட்டது. நாங்கள் நெல்லுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். அவர் பிரேக் போட்டார்.

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த அம்மாள், கிளறும் கட்டையோடு நேராக என் ஜன்னலுக்கு வந்தார். யார் ஓட்டினார்கள் என்றெல்லாம் பார்க்கவில்லை, கைக்கு எட்டிய ஆள் நான்தான். கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று ஆரம்பித்து, என் வளர்ப்பு வரைக்கும் போனார். நான் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். உள்ளுக்குள் நான் திருவிழா கொண்டாடிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் திட்டி முடித்துக் கட்டையோடு திரும்பிப் போனார். பின் சீட்டிலிருந்து மாமியார் கேட்டார்.

"வண்டியத்தான் நேராக்கியாச்சே தம்பி. இன்னும் ஏன் இந்தப் பக்கமே போவுது?"

என் கணவர் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடியே இருந்தார். நான் சொல்ல வேண்டியவற்றையெல்லாம் மனதில் வரிசையாக அடுக்கிவிட்டேன். கருவேலங்கிளையில் தொடங்கலாமா, செங்கிப்பட்டியில் தொடங்கலாமா என்பதுதான் யோசனை. ட்ரெய்லரைக் கடைசிக்கு வைத்திருந்தேன். அதற்குள் அவர் பேசினார், எங்கள் யாரையும் பார்க்காமல், முன்னால் ரோட்டைப் பார்த்தபடி.

"அங்க ஓட்டுறவனுக்கு இடது பக்கம்தான் சீட்டு. வண்டி முழுக்க நமக்கு வலது பக்கம் இருக்கும். இடது பக்கம் கதவு மட்டும்தான். கை அந்தக் கணக்குலயே போவுது. இங்க எனக்கு இடது பக்கம் ஒரு ஆள் உக்காந்திருக்குங்கறதே மறந்து போவுது."

அந்த ஆள் நான்தான். அடுக்கி வைத்திருந்த எதையும் என்னால் எடுக்க முடியவில்லை. அவர் என்னைக் குறை சொன்ன எல்லா நாளும், இந்தக் காரில் எங்கே உட்கார்ந்தாலும் அவருக்கு ஏதோ ஒன்று தப்பாக இருந்திருக்கிறது. அது தன் கை என்று அவருக்கே தெரியவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஜெயித்த சந்தோஷம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அவர் இறங்கி, சாவியை என் கையில் கொடுத்தார். "வண்டி இருக்கட்டும்," என்றார். "நீயே ஓட்டு."

கொஞ்ச நேரம் முன்னால் வரை நான் ஏங்கிய வார்த்தை அது. வாங்கிக்கொண்டு வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், சொட்டு மருந்து விட்ட கண்.

"அங்க போனதும் கை சரியாயிடுமாங்க?" என்று கேட்டேன்.

"அங்க போனா ஒரே நாள்தான். ஏறி உக்காந்ததும் சரியாயிடும்."

"இங்க?"

அவர் நெல்லைப் பார்த்தார். அந்த அம்மாள் நாங்கள் கலைத்த இடத்தை மறுபடி நிரவிக்கொண்டிருந்தார்.

"இங்க எப்பவும் கடைசி வாரத்துலதான் சரியா வரும்," என்றார். "சரியானதும் போற டிக்கெட் வந்துடும்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நடுரோட்டில், மாமியாரை வைத்துக்கொண்டு, ஊரார் நெல்லில் நின்றபடி அழ முடியாது. சீட் பெல்ட் போடத் தெரியாதா, எத்தனை தடவை சொல்வது என்று அவர் மேல் கத்தினேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் போட்டுக்கொண்டார்.